பை வகைச் சாண எரிவாயுக் கலன்: கேஸ் வருகிறது சரி, கசிவு?

நான்கைந்து மாடு வைத்திருப்பவர்களுக்கென்று விற்கப்படும் பை வகைச் சாண எரிவாயுக் கலன்களின் விளம்பரம் எதை எடுத்தாலும் நீலச் சுடரோடு ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அடுப்பு எரியும்தான், அதில் சந்தேகம் வேண்டாம். சாணியும் தண்ணீரும் சரியான அளவில் போனால், வெயில் படும் இடத்தில், யார் தைத்த பையாக இருந்தாலும் கேஸ் வரும். அதனால் கேஸ் வருகிறதா என்று பார்த்து இந்தப் பொருளை எடைபோட முடியாது. வந்த கேஸ் முழுவதும் எரிந்து தீர்கிறதா, மறுமுனையில் வழியும் கரைசல் நிலத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நல்ல பை நல்ல பொருள். கூடவே வரும் உதிரிகள் சுமார். கையேடு, பெரும்பாலானவற்றில், மோசம்.

இங்கே பேசுவது சுமார் 4 கன மீட்டர் கொள்ளளவில், பள்ளத்தில் படுக்கைவசமாகக் கிடத்தும் உருளைப் பையைப் பற்றி. இந்த வடிவம் புதிதல்ல. 1970களில் தைவானில் அலுமினிய ஆலைக் கழிவான செஞ்சேற்றைக் கலந்த பிவிசி ஷீட்டில் செய்தார்கள். 1980களில் கொலம்பியாவில் பிரெஸ்டன், பொத்தேரோ என்ற ஆய்வாளர்கள் பாலித்தீன் குழாய்ப் படலத்தைக் கொண்டு விலை குறைந்த வடிவத்தைப் பரப்பினார்கள். இப்போது சந்தையில் கிடைப்பதெல்லாம் அந்த இரண்டின் வாரிசுகளே. ஒரு முனையில் சாணி ஊற்றும் குழாய், மறுமுனையில் கரைசல் வழியும் குழாய், மேலே கேஸ் எடுக்கும் வாய், அவ்வளவுதான் அமைப்பு. நகரும் பாகம் எதுவும் இல்லை. பழுதாகும் பாகங்கள் மட்டும் ஏராளம்.

முதலில் ஷீட். மலிவானவை 200 மைக்ரான் பாலித்தீன், இரண்டு அடுக்கு. வெயில் நேராகப் படும் இடத்தில் இவை இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் தாங்குவது அரிது. அடுத்தது 0.8 முதல் 1 மி.மீ. தடிமனுள்ள பிவிசி. உள்ளே நூல்வலை வைத்து, உயர் அதிர்வெண் முறையில் ஒட்டியதாக இருந்தால் நல்லது. பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய்ச் சேர்மானம் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும், பிறகு ஷீட் விறைத்து மடிப்பு வாட்டத்தில் வெடிக்கும். ஆகவே பிவிசிப் பைக்கு மேலே நிழல் கூரை கட்டாயம். கூரை இல்லாமல் பத்தாண்டு உழைக்கும் என்று சொல்லும் விற்பனையாளரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். 1 மி.மீ. எச்டிபிஇ, அதாவது அடர்த்தி மிகுந்த பாலித்தீன், வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் வளையாது, களத்தில் ஒட்ட வெப்ப வெல்டிங் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஓட்டை விழுந்தால் நீங்களே ஒட்டிக்கொள்ள முடிவது பிவிசியில்தான், அதனால் சிறு பண்ணைக்கு நூல்வலை பிவிசியே எங்கள் தேர்வு.

வாங்கும் இடத்தில் பையின் உடலை எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது குழாய் பையோடு சேரும் மூன்று இடங்களை. கசிவில் பெரும்பகுதி அங்கேதான். கேஸ் வாயில் ஷீட்டின் இருபுறமும் ரப்பர் வாஷர், அதற்கு வெளியே கடினமான பிளாஸ்டிக் வளையம், பிறகு நட்டு என்ற வரிசை இருக்க வேண்டும். வளையம் இல்லாமல் நட்டை நேராக ரப்பர் மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி ஒரு பக்கம் மெலிந்துவிடும், சில மாதங்களில் அங்கே சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். சாணிக் குழாயை ஷீட்டில் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டச் சொல்லும் மாடல்களும் உண்டு. சைக்கிள் டியூபை 5 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால் அதுவும் நன்றாகவே நிற்கும். ஆனால் கட்டு எப்போதும் கரைசல் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் கேஸ் போகும்.

அளவு விஷயத்தில் விற்பவர்கள் மாட்டை எண்ணுவார்கள், நீங்கள் சாணியை எடைபோடுங்கள். மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணியில் பாதிகூடக் கொட்டகையில் விழாது. நாளுக்கு 40 கிலோ கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமபங்கு தண்ணீர் சேர்த்தால் 80 லிட்டர் கரைசல். பைக்குள் வெப்பம் 27 முதல் 30 டிகிரி என்றால் 40 நாள் உள்ளே தங்க வேண்டும், அப்படியானால் கரைசலுக்கு மட்டும் 3200 லிட்டர். மேலே கேஸுக்குக் கால் பங்கு இடம் விட்டால் மொத்தம் 4.3 கன மீட்டர். ஒரு மீட்டர் விட்டமுள்ள பைக்கு ஐந்தரை மீட்டர் நீளம். ஒரு கிலோ பச்சைச் சாணிக்கு 30 முதல் 40 லிட்டர் கேஸ் என்ற கணக்கில் நாளுக்கு 1.4 கன மீட்டர் அளவுக்கு வரும். ஒற்றை அடுப்பு மணிக்கு 350 முதல் 400 லிட்டர் குடிக்கும், ஆக மூன்றரை முதல் நான்கு மணி நேரச் சமையல். இதைவிட இரட்டிப்பாக எரியும் என்று இதே அளவுப் பைக்கு யாராவது வாக்குக் கொடுத்தால், அவர் ஒன்று அடுப்பைச் சிறிதாக்கியிருக்கிறார், இல்லை கணக்கைப் பெரிதாக்கியிருக்கிறார்.

குளிர்ப் பருவத்தில் கரைசல் 20 டிகிரிக்கு இறங்கினால் 60 நாளாவது தங்க வேண்டும். 15க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். ஆகவே ஆண்டின் சராசரி வெப்பத்தைப் பார்க்காமல், மிகக் குளிரான மாதத்தைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். பெரும்பாலான கையேடுகள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பள்ளம் வெட்டுவது எளிது, கெடுப்பதும் எளிது. ஆழம் பையின் விட்டத்தில் முக்கால் பங்கு, சுவர்கள் மேலே விரிந்து கீழே குறுகியபடி. கல், வேர் முனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சலித்த மண் பரப்பி, பழைய சாக்கை விரித்து அதன்மேல் பையைக் கிடத்தவும். சரிவு மீட்டருக்கு ஓரிரு செ.மீ. போதும், அதிகமானால் கேஸ் இடம் ஒரு முனையில் ஒதுங்கிவிடும். சுற்றிலும் மழைநீர் ஓட வாய்க்கால் வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் பை மிதக்கும், குழாய் மூட்டுகள் முறுக்கிக்கொள்ளும். கரைசல் வழியும் குழாயின் விளிம்புதான் உள்ளே மட்டத்தைத் தீர்மானிக்கிறது. சாணி ஊற்றும் வாய் அதைவிட 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். எலிக்கும் நாய்க்கும் கன்றுக்கும் வேலி.

சாணி ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் விற்பனையாளரின் ஆளை அனுப்பிவிடாதீர்கள். மூன்று வாயையும் அடைத்து, காற்றூதியால் பையை உப்ப வைத்து, வளைத்த கண்ணாடிக் குழாயில் நிறத்தண்ணீர் ஊற்றி அழுத்தமானி மாதிரி மாட்டுங்கள். காலை ஆறு மணிக்கு மட்டத்தைக் குறித்து, மறுநாள் அதே ஆறு மணிக்குப் பாருங்கள். நடுவில் பார்க்கக் கூடாது, வெயிலில் உள்காற்று விரிவதால் மட்டம் ஏறியிறங்கிக் குழப்பும். ஒரே வெப்பநிலையில் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் சோப்பு நுரையோடு ஒவ்வொரு மூட்டாகத் தேட வேண்டியதுதான். கரைசல் ஏறிய பிறகு கீழ்ப்பக்க ஓட்டையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பிறகு இரு குழாய்களின் வாயும் மூழ்கும்வரை தண்ணீரும் சாணிக் கரைசலும் ஊற்ற வேண்டும். நடப்பில் உள்ள கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு கரைசல் கிடைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் வெப்பமான பருவத்தில் இரண்டு மூன்று வாரம், மற்றபடி ஒன்றரை மாதம்கூட ஆகும். முதலில் வருவது கரியமில வாயுவும் உள்ளே இருந்த காற்றும்தான். அதை வீட்டுக்குள் பற்றவைத்துப் பார்க்கவே கூடாது, இந்தக் கேஸில் எரியும் பகுதியான மீத்தேன் காற்றோடு கலந்து 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கும்போது வெடிக்கும். முதலிரண்டு தடவை நிரம்பியதை வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் விட்டுவிட வேண்டும்.

இப்போது பாதுகாப்புப் பாட்டில். பாதுகாப்பு வால்வு என்ற பெயரில் பெட்டியோடு வருவது ஒரு டி-குழாயும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலும். குழாய் முனை 8 செ.மீ. நீரில் முழுகியிருந்தால், பைக்குள் அழுத்தம் 8 செ.மீ. நீர் மட்டத்தைத் தாண்டும்போது கேஸ் குமிழியிட்டு வெளியேறும், பை கிழியாது. எளிய, நம்பகமான ஏற்பாடு. ஆனால் வெயிலில் அந்தத் தண்ணீர் ஆவியாகும். 8 செ.மீ. சில வாரங்களில் 2 ஆகும், பிறகு கேஸ் இரவும் பகலும் சத்தமில்லாமல் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும். பை தொய்கிறது, அடுப்பில் சுடர் சிறுக்கிறது. உடனே சாணி போதவில்லை என்று இன்னும் இரண்டு வாளி கூடுதலாகப் போடுவார்கள். போடும் சாணிக்கு நாற்பது நாள் கிடைக்காமல் பாதி செரித்தபடி வெளியே வழியும், கேஸ் இன்னும் குறையும். கலன் சரியில்லை என்று மூடப்படுபவற்றில் பாட்டிலை யாராவது எட்டிப் பார்த்தார்களா என்பதே முதல் கேள்வி. பாட்டில் நிறமற்றதாக, வழியில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். 8 செ.மீ. குறியில் பக்கவாட்டில் ஒரு துளை போட்டுவிட்டால் மழையில் மட்டம் ஏறாது. வாரம் ஒருமுறை துளை வழியே வழியும்வரை தண்ணீர்.

கேஸ் இடத்தின் கொள்ளளவும் இதோடு சேர்ந்த சங்கதி. மேலே சொன்ன பையில் கேஸுக்கு இருக்கும் இடம் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். நாளுக்கு வருவதோ 1.4. காலையும் மாலையும் அடுப்பு எரிந்தால் இடம் போதும். ஒரு நாள் முழுக்க அடுப்பு மூட்டாவிட்டால் முந்நூறு லிட்டராவது பாட்டில் வழியே காற்றில் போகும். இதற்குத் தனிச் சேமிப்புப் பை தனியாக விற்கிறார்கள். அதைக் கூடுதல் வசதி என்று பட்டியலில் போடுவது தவறு, கலனோடு சேர்த்தே கொடுக்க வேண்டிய பாகம் அது. ஊருக்குப் போவதாக இருந்தால் பத்து நாள் முன்பிருந்தே ஊற்றும் அளவைக் குறைக்கலாம். மிஞ்சும் கேஸில் பால் கறக்கும் பாத்திரம் கழுவத் தண்ணீர் காய்ச்சலாம். எதுவும் இல்லையென்றால் வெறுமனே எரித்துவிடுவதும், அப்படியே காற்றில் விடுவதைவிட மேல்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், கணக்கு அப்படி. 1.4 கன மீட்டர் கேஸில் 58 சதவீதம் மீத்தேன் என்றால் அரை கிலோவுக்குச் சற்று மேல். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அமைப்பான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கைப்படி உயிர்வழி மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவுக்கு. இதே சாணியைக் கட்டியாகக் குவித்து வைத்திருந்தால், அதிலிருந்து வரக்கூடிய மீத்தேனில் 2 முதல் 5 சதவீதம்தான் வெளியேறும் என்பது அதே அமைப்பின் கணக்கீட்டு நெறி. திறந்த கழிவுக் குளத்தில் நீராக விட்டுவைத்தால் வெப்பமான இடங்களில் 70 சதவீதத்தைத் தாண்டும். ஆக, கொட்டகையைக் கழுவி எல்லாவற்றையும் குழியில் தேக்கும் பண்ணைக்கு இந்தப் பை பெரிய லாபம், சுமாரான பையேகூட. சாணியை அள்ளிக் குவித்து எருவாக்குபவருக்கு அப்படி இல்லை. பத்தில் ஒரு பங்கு கசியும் கலன், மீத்தேன் விஷயத்தில் அவருடைய பழைய எருக்குவியலைவிட இரண்டு மடங்கு மோசம். விறகோ எல்பிஜியோ மிச்சமாவது தனி வரவு, அதை மறுக்கவில்லை.

இந்தக் கலனை வைத்துக்கொண்டு கார்பன் இல்லாப் பால் என்று சிலர் லேபிள் ஒட்டப் பார்க்கிறார்கள். அது ஏமாற்று. உலக உணவு வேளாண் அமைப்பு 2013இல் வெளியிட்ட கணக்கில், கால்நடைத் துறை வெளியேற்றத்தில் அசைபோடும் வயிற்றிலிருந்து வருவது 39 சதவீதம், எருவைச் சேமித்துக் கையாள்வதிலிருந்து வருவது 10 சதவீதம். பை தொடுவது அந்தப் பத்தை மட்டும். மாட்டின் ஏப்பத்துக்கு வேறு வைத்தியம் வேண்டும்.

அடுப்பு, குழாய் பற்றிச் சுருக்கமாக. பையின் அழுத்தம் 5 முதல் 10 செ.மீ. நீர் மட்டம், எல்பிஜி அடுப்புக்கு வருவது 30 செ.மீ. அளவில். எல்பிஜி அடுப்பில் கேஸ் பீய்ச்சும் நுண்துளை முனையான ஜெட்டை மாற்றாமல் இணைத்தால் சுடர் முனகும். ஜெட் துளை பெரிதாக வேண்டும், காற்றுத் துளையைக் குறைக்க வேண்டும். கலனோடு வரும் அடுப்பைப் பயன்படுத்துவதே மேல், தகரம் மெலிசாக இருந்தாலும். அடுப்பு 20 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் அரை அங்குலக் குழாய் போதாது, ஒரு அங்குலம் போடுங்கள். குழாய் எங்கும் தொய்யாமல் ஒரே சரிவில் இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில், குழாயில் சேரும் நீரைப் பிடித்து வெளியேற்றும் நீர்ப்பொறி இருக்கட்டும். சுடர் திக்கித் திக்கி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

கந்தக வாடையை எடுக்கும் வடிகட்டியில் இரும்புக் கம்பிச் சுருளோ துருவேறிய இரும்புத் துருவலோ இருக்கும். முழுதும் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும். எடுத்த துருவலைக் காற்றில் வைத்தால் மீண்டும் துருவேறிப் பயன்படும், ஆனால் அப்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஈரமாக்கி, கல் தரையில் மெலிதாகப் பரப்பி, வைக்கோல் போரிலிருந்து தள்ளி வைக்கவும். பெட்டியோடு வரும் வடிகட்டி பெரும்பாலும் கையளவுதான். அதைப்போல மூன்று மடங்கு நீளமுள்ள குழாயில் நீங்களே செய்துகொள்ளலாம்.

நடத்தும்போது வரும் கோளாறுகளில் பாதி வாளியில் தொடங்குகிறது. கொட்டகை கழுவிய தண்ணீரை எல்லாம் உள்ளே விட்டால் ஒன்றுக்கு ஒன்று என்ற பங்கு ஒன்றுக்கு மூன்றாகிவிடும், 40 நாள் 20 ஆகிவிடும். வைக்கோல் துணுக்கு மேலே ஆடையாகப் படியும், மணல் அடியில் தங்கி ஆண்டுக்கு ஆண்டு கொள்ளளவைத் தின்னும். கலக்கும் தொட்டியின் வாயில் விரல் நுழையும் அளவுக் கண்ணுள்ள வலை போட்டால் முதலாவது தீரும். இரண்டாவதற்கு, கலக்கிய பின் ஐந்து நிமிடம் அடங்கவிட்டு, தொட்டியின் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் குழாய் தொடங்கும்படி வைக்க வேண்டும். எஞ்சிய அடர்தீவனத்தைக் கொட்டினால் முதலில் கேஸ் எகிறும், பிறகு புளிக்கும். கரைசலின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 6.8க்குக் கீழே இறங்கி, சுடர் பற்றாமல், கரைசலில் புளித்த வாடை வந்தால் ஊற்றுவதை ஒரு வாரம் நிறுத்துங்கள். மீண்டும் பாதி அளவில் தொடங்குங்கள். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவது பெரும்பாலும் கேடு.

மருந்து விஷயம் யாரும் சொல்வதில்லை. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணி கலனுக்குள் போனால் கேஸ் படுத்துவிடும். மருந்துப் பெட்டியில் பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், சாணியைப் பற்றி இருக்காது. மருந்து நடக்கும் நாள்களும் அதன் பின் ஒரு வாரமும் அந்தச் சாணி எருக்குழிக்குப் போகட்டும். குளம்பு கழுவும் மயில்துத்தக் கரைசல், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றும் கலனுக்குள் போகக் கூடாது. தீவனத்தில் மோனென்சின் என்ற நுண்ணுயிர் மருந்து கலந்திருந்தால் பழகாத கலனில் கேஸ் குறையும்.

வெளிவரும் கரைசல்தான் இந்தப் பொருளின் உண்மையான வருமானம். தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் அதில் மிஞ்சும், சமபங்கு நீர் சேர்த்த சாணியில் ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ. அதில் நல்ல பங்கு அம்மோனிய வடிவில் இருப்பதால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் வெயிலில் திறந்து கிடந்தால் ஆவியாகியும் போகும். மூடிய தொட்டி, மாலை நேரம், ஊற்றியதும் மண் அணைப்பு என்று நடந்தால் சத்து நிலத்தில் நிற்கும். இந்த வெப்பத்தில் நோய்க்கிருமி முழுதும் சாகாது, ஆகவே பச்சையாகத் தின்னும் கீரை, காய் மேல் ஊற்ற வேண்டாம். கரைசலைக் கொண்டுபோக நிலமோ, வாங்கிக்கொள்ள அண்டை விவசாயியோ இல்லாதவர் இந்தக் கலனை வாங்காமல் இருப்பதே நல்லது, நாளுக்கு 80 லிட்டர் எங்காவது போயாக வேண்டும்.

செங்கல் குவிமாடக் கலனோடு ஒப்பிட்டால்? அது இருபது ஆண்டு நிற்கும், ஆனால் விரிசல் விட்டால் உள்ளே மனிதன் இறங்க வேண்டும், கந்தக வாயுவில் உயிர் போகும் ஆபத்து அங்கே உண்டு. பையில் அந்த ஆபத்து இல்லை, இடம் மாற்றலாம், ஒரே நாளில் நிறுவலாம். சொந்த நிலம், நிலையான மந்தை, நல்ல கொத்தனார் மூன்றும் இருந்தால் குவிமாடம். குத்தகை நிலம் என்றால் பை.

பையின் ஆயுள் முடியும்முன் பலமுறை ஒட்டுப்போட நேரும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் போக்கி, துளையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதான துண்டை பிவிசிப் பசையால் ஒட்டி, ஒரு நாள் பாரம் வைக்க வேண்டும். வேறு தடிமன் துண்டு ஓரத்தில் உரியும். அதனால் வாங்கும்போதே அதே ஷீட்டில் ஒரு சதுர மீட்டரும், கேஸ் வாய்க்கு இரண்டு ஜோடி ரப்பர் வாஷரும் கேட்டு வாங்கி, நிழலில் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம்.